இறக்கப் பாட்டில் ஓர் இடைவெளி

ராஜாக்கண்ணுவின் சட்டைப் பையில் பேனா இருக்காது. ஆறு அங்குல இரும்பு ஸ்கேல் இருக்கும். கண்ணமங்கலம் பஜாரில் அவர் வைத்திருக்கும் டி.டி.பி. கடைக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள், முகூர்த்த நேரமும் மண்டபத்தின் பெயரும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவர் ஸ்கேலை எடுத்து, மணமகன் பெயருக்கு மேலே விட்ட இடமும் மணமகள் பெயருக்கு மேலே விட்ட இடமும் ஒன்றுதானா என்று பார்ப்பார்.

"அத்த யாருங்க அளக்கப் போறாங்க?" என்று யாராவது கேட்டால், "அளக்க மாட்டாங்க. ஆனா ஏதோ உறுத்தும். இன்னா உறுத்துதுன்னு அவங்களுக்கே தெரியாது" என்பார்.

அவருடைய ஊர் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், அமிர்திக் காடு முடிந்து கொல்லைகள் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வேலூரில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தார். ஈய எழுத்துகளைக் கோக்கிற வேலை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வைக்கிற வெற்றுக்கட்டை தாளில் விழாது. அதை வைக்காவிட்டால் வரி நிற்காது. கம்ப்யூட்டர் வந்தபோது ஈயம் போனது, இடத்தை அளக்கிற பழக்கம் போகவில்லை.

அந்த அச்சகத்தில் சர்ச்சுகளுக்குப் பாட்டுப் புத்தகம் போடுவார்கள். கோடு போட்டு, கோட்டின் மேல் நோட்டுகளை, அதாவது ஸ்வரங்களை, புள்ளிகளாக வைத்து, கீழே பாட்டின் வார்த்தைகளைப் பொருத்துகிற வேலை. அதைச் செய்துவந்தவர் மகனோடு துபாய்க்குப் போய்விட, முதலாளி ராஜாக்கண்ணுவைக் கைகாட்டினார். நோட்டை எழுத்தாக அடித்தால் படமாக வரைந்து தருகிற ஓர் இலவச மென்பொருள் இருந்தது. அதன் கையேடு ஆங்கிலத்தில். ராஜாக்கண்ணு அதைப் படம் பார்த்தே படித்தார். கையேட்டில் இருக்கிற படம் தன் திரையில் வரும்வரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பலமுறை இரண்டை மாற்றி மாட்டிக்கொண்டு தெரிந்துகொண்டது.

இவ்வளவு புள்ளி வைத்தவருக்கு ஒரு வரி பாட வராது. பாடுகிறவர் அவர் மனைவி வசந்தி.

அந்த ஊரின் தெய்வம் சுனையம்மன். ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மலைமேல் உள்ள சுனையிலிருந்து ஒரு குடம் தண்ணீர் ஊருக்கு இறங்கும். அந்தக் குடத்தில்தான் அம்மன் வருகிறாள். ஊர் எல்லையில் ஒரு பாறை இருக்கிறது. குடம் அங்கே வந்ததும் மேளம் நிற்கும், பெண்கள் இறக்கப் பாட்டைத் தொடங்குவார்கள். அதற்குத் தாளம் கிடையாது. அம்மனை ஒவ்வொரு பேராகச் சொல்லிக் கூப்பிடுகிற பாட்டு. ஒரு பேரைத் தொடங்கினால் அதை அறுக்கக்கூடாது. பேருக்கும் பேருக்கும் நடுவில்தான் மூச்சு விடலாம். ஒரு பேர் நடுவில் அறுந்துபோனால் முதலிலிருந்து பாட வேண்டும். அதுவரை குடம் கீழே இறங்காது.

குடம் சுமப்பவர் வசந்தியின் தம்பி காசி. வருஷா வருஷம் பாறையிடம் வந்து நின்றதும், "அக்கா, ஒரே வாட்டியில முடிச்சிடுங்க. எனக்குக் கழுத்து ஒண்ணுதான் கீது" என்பார்.

"உனக்குக் கழுத்து போனா இன்னாடா, அதுக்கு மேல ஒண்ணும் இல்லியே" என்பார் வெள்ளையம்மாள். வசந்திக்குப் பெரியம்மா முறை. பாடுகிறவர்களில் வயதில் மூத்தவர், வாயிலும்.

அந்தப் பேர்களில் நீளமானது ஒன்று உண்டு. 'சாமைக் கொல்லை சாயாமல் மேகமொதுக்கி வந்தவளே' என்று வரும். கதிர் முற்றியிருந்த சாமைக் கொல்லையில் மழை விழாமல் மேகத்தைக் கையால் ஒதுக்கிக்கொண்டு அம்மன் நடந்து வந்தாளாம். பாட்டு அங்கே மேலே ஏறி, 'மேகமொதுக்கி'யில் சுழன்று, 'வந்தவளே'யில் மெல்ல இறங்கும். ராஜாக்கண்ணு கல்யாணத்துக்கு முன்பே அந்தக் குரலைக் கேட்டிருக்கிறார். பாறைக்குப் பின்னால் ஆண்கள் கூட்டத்தில் நின்றபோது, ஒரு குரல் மட்டும் மற்ற குரல்களுக்கு அடியில் பாய் விரித்த மாதிரி கடைசிவரை போனதாம். அது யார் என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, காசியைச் சிநேகம் பிடித்தார்.

போன வருஷம் மழைக்காலத்தில் வசந்திக்கு நிமோனியா வந்தது. வேலூரில் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பினார். உயிருக்கு ஒன்றுமில்லை, நடக்கலாம், வேலை செய்யலாம், ஆனால் நுரையீரலில் தழும்பு விழுந்துவிட்டது என்றார் டாக்டர். ஏணி ஏறினால் இரைத்தது. பேசும்போதே சில சமயம் வாக்கியத்தின் கடைசிச் சொல் காற்றாக வந்தது. வீட்டில் வேலை செய்யும்போது பாட்டை முணுமுணுப்பது நின்றது.

புத்தகம் போடச் சொன்னவள் காசியின் மகள் மஞ்சுளா. கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் இப்போது ஓசூரிலும் பெங்களூரிலும் வேலூரிலும்தான். ஆடிக்கு வந்து நிற்பார்கள். வார்த்தை தெரியும், ராகம் ஆளுக்கொரு பக்கம் போகும்.

"மாமா, சர்ச்சுக்குப் போட்டுக் குடுத்தீங்க இல்ல, புள்ளி வச்சி? அந்த மாதிரி நம்ம பாட்டுக்கும் போட்டுக் குடுங்க. மேல போகணுமா, கீழ போகணுமான்னு தெரிஞ்சா போதும்."

ராஜாக்கண்ணு ஏற்கெனவே அவர்களுக்கு வார்த்தைகளை மட்டும் ஒரு தாளில் அடித்துக் கொடுத்திருந்தார். எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே நல்ல இடம் விட்டு அடித்த தாள். இடம் கண்டால் மூச்சு, இடம் இல்லையென்றால் ஒரே இழுப்பு. பெண்கள் இதை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். அதே முறையில் புள்ளியும் வைத்தால் ஆயிற்று என்று நினைத்தார்.

வசந்தி ஒவ்வொரு பேராகப் பாட, அவர் போனில் பதிந்து, கடையில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் புள்ளி வைத்தார். நீளமான பேரை வசந்தி இரண்டு துண்டாகப் பாடிக் கொடுத்தார். "அன்னிக்கு ஒழுங்கா பாடிக்கறேன். இப்ப நீ எழுதிக்கோ" என்றார். ஐந்து கோடு தேவைப்படவில்லை, நான்கு போதும். தாளம் இல்லாததால், கால அளவைக் காட்டப் புள்ளியில் ஒட்டுகிற காம்பும் இல்லை. முதலில் அரைத்தாள் அளவில் போட்டார். அதைப் பார்த்த வெள்ளையம்மாள், "இன்னா மருமவனே, எறும்பு ஊருது?" என்றார். பெரிய தாளுக்கு மாற்றி, எழுத்தையும் பெரிதாக்கினார்.

ஆடிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பழகக் கூடினார்கள். மஞ்சுளாவும் ஓசூரிலிருந்து வந்திருந்தாள். ஆளுக்கொரு புத்தகம். வெள்ளையம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "புள்ளியெல்லாம் சரியாத்தான் வச்சிகிறாரு. எவளாவது வந்து கோலம் போட்டுடப் போறா" என்றார். சிரிப்பு அடங்கியதும் வசந்தி தொடங்கினார்.

நான்கைந்து பேர்கள் நன்றாகவே போயின. ராகம் ஒன்றாக நின்றது. நீளமான பேர் வந்தது. 'சாமைக் கொல்லை சாயாமல் மேகமொ' வரை போய் அறுந்தது.

"முதல்ல இருந்து" என்றார் வெள்ளையம்மாள். பழகும்போதும் அந்த விதியை அவர் தளர்த்த மாட்டார்.

மறுபடி பாடினார்கள். மறுபடியும் அதே இடம். எல்லோரும் வசந்தியைப் பார்த்தார்கள், பிறகு பார்க்காத மாதிரி புத்தகத்தைப் பார்த்தார்கள். மூன்றாவது முறை அந்த இடம் வருவதற்கு முன்பே வசந்திக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடிக்க நேரமாயிற்று. யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். வசந்தி புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க பாடுங்க, நான் கேக்கறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து சோறு போடும்போதுதான் ராஜாக்கண்ணுவிடம் பேசினார்.

"ஆடிக்கு மஞ்சுளா பாடட்டும். நான் பொங்கல் வைக்கற பக்கம் நின்னுக்கறேன்."

"ஒரு நாள் இருமல் வந்துச்சின்னா—"

"இருமல் இல்ல. என்னால பேரு அறுவுது. அம்மா எல்லையில நிக்கறா, காசி குடத்த தூக்கிக்கினு நிக்கறான், நான் நடுவுல அறுத்துட்டு இன்னொரு வாட்டின்னு சொல்லவா? பாவம்னு ஊரே பாக்கும். வேணாம். எனக்கு அது வேணாம்."

ராஜாக்கண்ணு தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்தார். இந்தப் பாட்டை விட்டுவிட்டால் வசந்தி இனி எந்தப் பாட்டும் பாடமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கும்போதுகூட.

மறுநாள் கடையில் இருந்தபோது மஞ்சுளா போனில் குரல்செய்தி அனுப்பினாள். பஸ் இரைச்சலுக்கு நடுவே கத்திப் பேசியிருந்தாள். "மாமா, அத்தைய ஒண்ணும் சொல்லிடாதீங்க. எனக்கும் அங்கதான் மூச்சு வந்துது. எனக்கு இன்னா கேடு? ஆனா வந்துது. ஏன்னே தெரியில மாமா."

ராஜாக்கண்ணு அதை இரண்டாம் முறை கேட்டார். பிறகு புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து, ஸ்கேலை வைத்தார்.

'மேகமொ' என்ற இடத்துப் புள்ளிக்கும் 'துக்கி'யின் முதல் புள்ளிக்கும் நடுவே மற்ற இடங்களைப் போல இரண்டு பங்கு இடம் இருந்தது. திரையில் வரி வரியாகச் சரிபார்த்தபோது அது கண்ணில் படவில்லை. தாளில், கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாடுகிறவர்களுக்கு அது பட்டிருக்கிறது. அவர்களே அறியாமல் பட்டிருக்கிறது. இடம் கண்டால் மூச்சு. அவர் பழக்கிய பழக்கம்.

ஆனால் அந்த இடம் எப்படி வந்தது என்று தெரியவில்லை. தெரியாமல் சும்மா இழுத்து ஒட்டிவிட அவருக்கு மனம் வராது. இன்று இங்கே ஒட்டினால் நாளை வேறிடத்தில் திறக்கும்.

முதலில் எழுத்தின் மேல் சந்தேகம் வந்தது. தமிழில் இது எப்போதும் இருக்கிற தொல்லை. 'ர' என்றால் ஓர் ஆள் இடம் போதும். 'கொ' என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்று மூன்று பேர் உட்கார இடம் கேட்கும். கீழே எழுத்து அகன்றால் மேலே புள்ளி தள்ளிப்போகும். எழுத்தை மட்டும் சிறிதாக்கி ஒரு தாள் அச்செடுத்துப் பார்த்தார். 'கொல்லை'யின் அருகே இருந்த இடம் சுருங்கியது. இது சுருங்கவில்லை.

எழுத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். அடுத்தது வரியின் நீளம். வரியைத் தாளின் இரண்டு ஓரத்துக்கும் இழுத்துக் கட்டுவது மென்பொருளின் குணம், கொடியில் துணி காயப்போட்டு முடிச்சை இறுக்குகிற மாதிரி. அந்த இழுப்பை நிறுத்தினார். எல்லா இடமும் குறைந்தது, இதுவும் குறைந்தது. ஆனால் மற்றவற்றைப் போல இரண்டு பங்காகவேதான் நின்றது.

நடுவில் ஒருவர் ஆதார் நகலெடுக்க வந்தார். எடுத்துக் கொடுத்தார். இன்னொருவர் காதணி விழாப் பத்திரிகைக்குப் புகைப்படம் கொடுத்துவிட்டுக் குழந்தையின் வலது காதுதான் அழகாக இருக்கும் என்று விளக்கினார். அதையும் கேட்டுக்கொண்டார்.

பிறகு அந்தப் பேரை மட்டும் தனியாக ஒரு புதுக் கோப்பில் வைத்தார். வார்த்தைகளை எடுத்துவிட்டார், வெறும் புள்ளிகள். இடம் இருந்தது. கோடுகளை எடுத்தார். இருந்தது. இனி எடுக்க ஒன்றுமில்லை என்றபோது திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தான் அடித்ததை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

அங்கே ஒரு கோடு இருந்தது. குறுக்குக் கோடு. அதை வரைய வேண்டாம் என்று அவரே எழுதியிருந்ததால் தாளில் தெரியவில்லை. தாளம் உள்ள பாட்டில் அடிக்கொருதரம் குறுக்குக் கோடு வரும். மென்பொருள் அந்த இடத்தில் வரியை மடிக்கும். தாளமில்லாத இந்தப் பாட்டில் கோடே இல்லை, அதனால் எங்கே மடிப்பது என்று தெரியாமல் வரி தாளைத் தாண்டி ஓடும். மடிக்க அனுமதி தருவதற்காகக் கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்றை வைக்க வேண்டும். அரைத்தாளில் போட்டபோது இந்த நீளமான பேர் ஒரு வரியில் அடங்கவில்லை. எங்கே மடியும் என்று பார்க்க 'மேகமொ'வுக்குப் பக்கத்தில் அதை வைத்திருந்தார். வெள்ளையம்மாளின் கண்ணுக்காகப் பெரிய தாளுக்கு மாறினார். பேர் ஒரே வரியில் அடங்கிவிட்டது. வேலை போன கோடு மட்டும் தன் இடத்தை விடாமல் உட்கார்ந்திருந்தது.

அதை எடுத்தார். புள்ளிகள் ஒன்றாகச் சேர்ந்தன. ஸ்கேல் வைத்துப் பார்த்தார். பிறகு கடையைப் பூட்டிவிட்டு, அந்த ஒரு தாளோடு வீட்டுக்குக் கிளம்பினார். வெயில் இன்னும் இறங்கியிருக்கவில்லை. பக்கத்துப் பழக்கடைக்காரர், "இன்னா சார், இந்நேரத்துக்கே பூட்டிட்டீங்க?" என்றார்.

வசந்தி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"உன் மூச்சு இல்ல வசந்தி. நான் அங்க ஒரு கோட்ட எடுக்காம உட்டுட்டேன். இடம் உழுந்துட்டுது. எல்லாருமே அங்க மூச்ச உட்டுட்டாங்க, மஞ்சுளாவுக்குக்கூட அங்கதான் அறுந்துதாம். நீ இல்ல."

வசந்தி தாளை வாங்கிப் பார்த்தார். பழைய புத்தகத்தையும் எடுத்துவரச் சொல்லி இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்த்தார். முகத்தில் ஏதோ தளர்ந்தது. "அட, ஆமா" என்றார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தொழுவத்திலேயே நின்று பாடினார்.

'சாமைக் கொல்லை சாயாமல் மேகமொதுக்கி...' நின்ற இடத்தைத் தாண்டிப் போயிற்று. ராஜாக்கண்ணு தாளைப் பார்க்காமல் அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'வந்த' என்று இறங்கத் தொடங்கியபோது குரல் மெலிந்து, 'வளே' வெறும் உதட்டசைவாக முடிந்தது.

இன்னொரு முறை பாடினார். அதே கதைதான்.

வசந்தி சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. "உன் தாளு சரியாயிட்டுது. நான்தான் இன்னும் ஆவல." தாளை மடிக்காமல் அவரிடம் திருப்பிக் கொடுத்தார். "இதுக்காவ கடைய பூட்டிக்கினா வந்த?"

"ஆமா."

"சரி, டீ வக்கறேன்" என்று உள்ளே போனார்.

அடுத்த ஞாயிறு வசந்தி கோயிலுக்கு வரமாட்டேன் என்றார். ராஜாக்கண்ணு புது அச்சுகளை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். பழைய புத்தகத்தில் இருந்த பிழையைச் சொல்லி எல்லோரிடமும் புதியதைக் கொடுத்தார். பிறகு வீட்டில் நடந்ததையும் சொன்னார். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தார், ஆனால் வெள்ளையம்மாள் "அவ எங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கேட்டுவிட்டு வெள்ளையம்மாள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்கடி" என்றார். மொத்தக் கூட்டமும் ராஜாக்கண்ணுவின் வீட்டுக்கு நடந்தது.

வசந்தி முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் கணவரைத்தான் முறைத்தார்.

"அவர ஏன் மொறைக்கற? நான்தான் வந்தேன்" என்றார் வெள்ளையம்மாள். "இன்னாமே, பொங்கல் வைக்கப் போறியாமே. உன் பொங்கல எவ துன்றது?"

"பெரிம்மா, பேரு முடிய மாட்டேங்குது. நான் வேணும்னேவா செய்யறேன்?"

"எந்தப் பேரு? மேகமொதுக்கியா?" வெள்ளையம்மாள் கீழே உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். "அத்த நான் என்னிக்குடி முழுசா பாடனேன்? 'சாயாமல்'லயே எனக்குத் தீந்துடும். வாய மட்டும் ஆட்டிக்கினு மூச்ச வாங்கிக்கினு, 'வந்தவளே'ல வந்து சேந்துக்குவேன். நீ கத்தற கத்துல எவனுக்குக் கேட்டுது?"

வசந்தியின் கையில் முறம் நின்றது.

மஞ்சுளா கீழே பார்த்துக்கொண்டு, "நான் 'கொல்லை'ல உடுவேன் அத்தை" என்றாள். பின்னாலிருந்து ஒருத்தி, "நான் 'மேக'த்துல" என்றாள். இன்னொருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் எங்கே விடுகிறாள் என்பதை யாரும் கேட்கவில்லை.

"அப்ப இத்தினி வருசமா நான் ஒருத்திதான் பாடிக்கினு இருந்தனா?"

"நீ உட மாட்டேன்னு தெரிஞ்சி நாங்க உட்டோம். இப்ப நாங்க உட மாட்டோம், நீ உடு" என்றார் வெள்ளையம்மாள்.

"பேரு அறுந்துட்டா?"

"யாரு வாயில அறுந்தா இன்னாடி? அம்மா காதுலதானே கேக்கறா? காதுல அறுவக்கூடாது. அவ்ளோதான்."

வசந்தி முறத்தைக் கீழே வைத்தார். பாவம் பார்த்து வந்தவர்களாக இருந்தால் அவர் அனுப்பியிருப்பார். இவர்கள் திருட்டை ஒப்புக்கொள்ள வந்தவர்களாக இருந்தார்கள். "எல்லாரும் ஒரே எடத்துல உட்டுடப் போறீங்க, போன வாட்டி மாதிரி" என்றார்.

"அதுக்குத்தான் புள்ளி வைக்கறவரு இருக்காரு இல்ல" என்றார் வெள்ளையம்மாள்.

அந்தப் பேருக்கு மட்டும் ராஜாக்கண்ணு இரண்டு வரிசை போட்டார். மேல்வரிசை வசந்திக்கு, கீழ்வரிசை மற்றவர்களுக்கு. மேலே ஓர் இடத்தில் புள்ளி இராது. கீழே அதே இடத்தில் புள்ளிகள் விடாமல் நெருங்கி ஓடும். கீழ்வரிசைக்காரர்கள் மூச்சு விடுகிற இடங்கள் அதற்கு முன்னும் பின்னுமாக, ஆளுக்கொன்றாகப் பிரித்து. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரு மயிரிழை விலகாமல் நேருக்கு நேர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கே திரும்பிச் சேர்வது என்று தெரியாது.

வசந்தியின் இடம் எங்கே என்று தீர்மானிக்க இருவரும் வாசலில் உட்கார்ந்தார்கள். வசந்தி பாடி, "இங்க" என்று 'மேகமொதுக்கி'யின் கடைசியைக் காட்டினார்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி" என்றார் ராஜாக்கண்ணு.

"அதுவரைக்கும் எனக்கு வருதே."

"வருது. ஆனா இழுத்துக்கினு வருது. முன்னாடியே உட்டா, 'வந்தவளே' முழுசா உனக்குக் கிடைக்கும்."

"உனக்கு எப்டி தெரியும்? நீ பாடறவனா?"

வசந்தி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல், ராத்திரியில் பக்கத்தில் படுத்திருக்கிறவர் மூச்சு எங்கே வாங்குகிறது, எங்கே தடுக்கிறது, எவ்வளவு விட்டு மறுபடி வருகிறது என்பதைக் கேட்டுக்கொண்டே இருப்பவர் அவர். வசந்தி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு விரலைத் தாளின் மேல் நகர்த்தி, 'மேகம்' தொடங்குகிற இடத்துக்குக் கொண்டுவந்தார். "இங்கயா?"

"அங்கதான்."

ஆடி வெள்ளிக்கிழமை காலை மலையில் மேகம் விலகிக்கொண்டிருந்தது. குடம் பாறைக்கு வந்தது. மேளம் நின்றது. காசி கழுத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா நின்றார். ராஜாக்கண்ணு ஆண்கள் பக்கத்தில் இருந்தார். கையில் புத்தகம் இல்லை. அவருக்கு அது தேவையில்லை.

வசந்தி தொடங்கினார். குரல் முன்பு போல் அகலமில்லை, ஆனால் நேராகப் போயிற்று. பேருக்குப் பேர் மூச்சு வாங்கி, மெதுவாக, அவசரமில்லாமல். நீளமான பேர் வந்தது. 'சாமைக் கொல்லை சாயாமல்' வரை பாடிவிட்டு வசந்தி வாயை மூடினார்.

'மேகமொதுக்கி' என்று மற்றவர்கள் ஏறினார்கள். வெள்ளையம்மாளின் கரகரப்பு, மஞ்சுளாவின் மெல்லிய குரல், மற்ற எல்லாம். வசந்தி மூச்சை உள்ளே இழுத்தார். இத்தனை வருஷம் பாடியும் இந்தப் பாட்டை அவர் வெளியிலிருந்து கேட்டதே இல்லை. கேட்டுக்கொண்டு நின்றார். கண் விரிந்திருந்தது. திரும்பிச் சேர வேண்டிய இடம் நெருங்குவதை ராஜாக்கண்ணு உணர்ந்தார். வசந்தி இன்னும் கேட்டுக்கொண்டேயிருந்தார். வெள்ளையம்மாள் பாட்டை விடாமல் முழங்கையால் அவர் விலாவில் ஒன்று வைத்தார்.

'வந்தவளே' என்று வசந்தி இறங்கினார். கடைசி எழுத்து வரைக்கும் குரலாகவே வந்தது.

பேர் அறவில்லை. மீதிப் பேர்களும் முடிந்தன. காசி குடத்தை இறக்கினார், குலவை எழுந்தது, மேளம் மறுபடி தொடங்கியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே வசந்தி மற்ற பெண்கள் பக்கம் திரும்பி, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்:

"நல்லாத்தான் பாடறீங்கடி. இத்தினி வருசம் ஏமாத்திக்கினு இருந்தீங்களே."